பத்தடிக்கு மேல் வேலை இல்லை

புல்லுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பலருக்கு இது தெரிவதில்லை. இயந்திரத்துக்கு உண்டு, வண்டிக்கு உண்டு, வேலையாளுக்கு உண்டு, நம் வேலையால் அடிபடுகிற வழிப்போக்கருக்கும் உண்டு. ஓர் ஏக்கர் புல் ஒரே வாரத்தில் கரையான் பிடித்துப் போனால் மட்டும் யாரும் ஒன்றும் தரமாட்டார்கள். தோட்டம் அமைக்கும் தொழிலுக்கு வந்த முதல் வருஷமே இதைத் தெரிந்துகொண்டேன். பாலிசிகளை முழுக்கப் படிக்கிற பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்தது.

பூவராகவன் சார், நீங்கள் செவிலிமேட்டுக்கு வருவது இது மூன்றாவது முறை. முதல் முறை காபி குடித்தீர்கள். போன முறை பாதியில் வைத்துவிட்டுப் போனீர்கள். இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணைக்காரர் காபி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிகிறது. போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். பதிவாகிக்கொண்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். பரவாயில்லை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

எங்களுடையது சின்ன நிறுவனம். என் கணவர் குரு வரைபடம் போடுவார், வாடிக்கையாளரிடம் பேசுவார். மற்றதெல்லாம் நான். தென்னேரியில் அப்பா என் பேரில் எழுதிவைத்த மூன்று ஏக்கர் இருக்கிறது, ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம். முன்பு நெல் போட்டோம், இப்போது புல் வளர்க்கிறோம். வளர்ந்த புல்லை மண்ணோடு ஓரடிச் சதுரமாக வெட்டியெடுத்துக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டு முன்னால் பதிப்போம். அந்தச் சதுரத்தைப் பத்தை என்போம். வேலையாட்கள் ஆறு பேர். பத்தை வெட்டிப் பதிக்க நான்கு பெண்கள், அவர்களுக்குத் தலைமை லில்லி. வண்டி ஓட்ட ஒருவர். லில்லியின் கணவன் ராமராஜன் மிச்சமிருக்கிற எல்லாவற்றையும் செய்வான். குழி வெட்டுவான், பைப் இறக்குவான், மரம் ஏறுவான்.

ராமராஜனின் அப்பா எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். அவருடைய அப்பாவும்தான். அதனால் அவர்களை நான் வேலையாட்களாக நினைத்ததே இல்லை. என்னை ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டாம், ‘அக்கா’ என்று கூப்பிடுங்கள் என்று சொல்லிவைத்ததும் நான்தான். கிறிஸ்துமஸுக்கு லில்லி வீட்டிலிருந்து கேக் வரும். வாங்கிவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவேன்.

போன வைகாசியில் எங்களுக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. பட்டுக்கடைக் குடும்பம் ஒன்று ஐயம்பேட்டை தாண்டிக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தது. முன்பக்கம் புல்வெளி, நடுவில் நீரூற்றுத் தொட்டி, மேற்கு ஓரத்தில் வெட்டாமல் விட்ட நாலு பழைய தென்னை மரங்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் திறப்பு. வேலையை எங்களுக்கே தருவதாகச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்கள். இன்சூரன்ஸ் சான்று வேண்டும், இரண்டு வாரத்தில்.

வீரபத்திரனைக் கூப்பிட்டேன். நெசவுக் குடும்பத்துக்காரர், தறியை விட்டு ஏஜென்ட் வேலைக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இன்னும் எதைச் சொன்னாலும் தறியை வைத்துத்தான் சொல்வார்.

“இதோ பாரும்மா, வெளியாளுக்கு அடிபட்டா குடுக்கறது பாவு. நம்ப ஆளுக்கு அடிபட்டா குடுக்கறது ஊடை. ஒண்ணை எடுத்துக்கினு ஒண்ணை வுட்டா துணி ஆவாது, வெறும் நூலுதான்.”

“ரெண்டும் எடுக்கறேண்ணா. எதுல எது அடங்கும், எது அடங்காது, அதைச் சொல்லுங்க.”

“அட, இப்படி கேக்கறவங்களை நான் பாத்ததே இல்ல. எங்க கையெழுத்துன்னுதான் கேப்பாங்க.”

நாலு கம்பெனிகளின் காகிதங்களை வாங்கிப் படித்தேன். பத்து நாள் ஆனது. குரு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்கூடக் காதில் விழாது. வெளியாட்களுக்கான பாலிசியில் இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன். மண்டபத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள், குழந்தைகள் புல்லில் ஓடும், யாருக்கு எது நேர்ந்தாலும் தோட்டக்காரரைத்தான் கை காட்டுவார்கள். அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பராமரிக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தை அப்படியே விட்டுவைத்தால் இழப்பீடு கிடையாது. நியாயமான நிபந்தனைதான்.

வேலையாட்களுக்கான பாலிசியில் ஒரு கேள்வி. பத்தடிக்கு மேல் உயரத்தில் வேலை உண்டா? உண்டு என்று எழுதினால் இடுப்புப் பட்டை வேண்டும், வலை வேண்டும், பயிற்சி எடுத்த சான்று வேண்டும், கம்பெனி ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். பிரீமியம் கூடும்தான், ஆனால் கூடுவது ஒரு பட்டுப்புடவை விலைகூட இல்லை. பணத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறு. ஒரு மாதம் ஆகும் என்பதுதான் காரணம். மண்டபத்துக்காரர்கள் கொடுத்த இரண்டு வாரம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிந்தது.

“மரம் கிரம் ஏறுவாங்களாம்மா?” என்று வீரபத்திரன் கேட்டார்.

“இல்லைன்னு போடுங்க.”

“ராமராஜன்?”

“இனிமே ஏற மாட்டான்.”

பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “எனக்கு இன்னாம்மா. நீ சொல்றதை எழுதறவன்தானே நானு.”

அதோடு விட்டிருக்கலாம். நான் இன்னும் ஒரு படி கவனமாக இருந்தேன். ‘பத்தடிக்கு மேல் நான் வேலை செய்வதில்லை’ என்று ஆளுக்கொரு காகிதம் தட்டச்சு செய்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். ராமராஜன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னாக்கா இது? எங்கம்மா என்னை மரத்து மேலயே பெத்துப் போட்டுச்சுன்னு ஊர்ல சொல்லிக்கினு இருக்காங்க.”

“பேப்பருக்குத்தான்டா.”

“போடுய்யா கையெழுத்து,” என்றாள் லில்லி. “இனிமே தேங்கா வேணும்னா கடையில வாங்கிக்கலாம்.”

“அப்ப எனக்கு வேல? உங்ககூட குந்திக்கினு புல்லு வெக்கட்டுமா?”

“அதுக்கு பொறுமை வேணும். உனக்கு அது எங்க கீது?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். காகித விஷயத்தில் அவன் என்னை முழுக்க நம்புகிறவன்.

ஆனிக் கடைசியில் புல்வெளி முழுவதும் பதித்து முடித்தோம். மிச்சம் தொட்டி வேலையும் ஓரங்களும்தான். ஆடி மூன்றாம் வெள்ளி அன்று நடந்ததைப் போலீசுக்கும் உங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பெண்கள் ஊரில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அரை நாள் விடுப்பு கேட்டார்கள், வண்டிக்காரரும் அவர்களோடு போனார். லில்லி தென்னேரியில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்துக் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். நானும் ராமராஜனும் மட்டும். மூன்றே முக்காலுக்குத் தண்ணீரில்லாத நீரூற்றுத் தொட்டியின் விளிம்பில் அவன் கால் வழுக்கி நாலடிப் பள்ளத்தில் விழுந்தான், கருங்கல் விளிம்பு தலையில் அடித்தது, உடனே 108-ஐ அழைத்தேன். ஆம்புலன்ஸ் நாலு மணிக்கு வந்தது. ஆறு இருபதுக்கு ஆஸ்பத்திரியில் இறந்தான்.

அந்த வாக்குமூலத்தில் இடம், நேரம், காரணம் மூன்றும் சரியில்லை. மற்றவை சரி.

அதன் பிறகு நான் எல்லோரையும் கவனிக்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், நாலடிப் பள்ளத்தில் விழுந்ததற்கா இவ்வளவு அடி என்று கேட்டார். கருங்கல் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். அடக்கத்தின்போது காவலாளி லில்லியின் அண்ணனோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வீரபத்திரன் முன்பெல்லாம் முதல் மணியிலேயே போனை எடுப்பார். இப்போது அவரே திருப்பிக் கூப்பிடுகிறார், அதுவும் சாயந்திரம். வீட்டிலும் அப்படித்தான். வண்டியில் தென்னை மட்டை எப்படி வந்தது என்று குரு கேட்டார். நாற்றங்காலில் விழுந்தது என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. எதையும் மூன்று முறை கேட்கிற மனிதர் ஒரே முறையோடு நிறுத்தினால் அதைக் குறித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

லில்லியை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. இழப்பீடு அவளுக்கு வருவது. அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்குக் காரணமே இல்லை. இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வந்து நின்றாள். எங்க வீட்டுக்காரர் விழுந்த இடத்தைப் பார்க்கணும் என்றாள். ஸ்கூட்டரில் நானே அழைத்துப்போனேன். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அழவில்லை. பிறகு, பதித்ததற்கு அப்புறம் புல்லை நான் பார்க்கவே இல்லைக்கா என்று சொல்லிச் செருப்பை ஓரத்தில் கழற்றிவிட்டுப் புல்வெளியில் இறங்கினாள். புல் பதிக்கிற பெண்கள் வேலை முடிந்த இடத்தை எப்போதும் வெறுங்காலால்தான் நடந்து பார்ப்பார்கள். மேடு பள்ளம் கண்ணைவிடக் காலுக்கு நன்றாகத் தெரியும். மேற்கு ஓரத்தில் நாலாவது தென்னைக்கு அடியில் போய் நின்றாள். ஒரு காலை எடுத்து மறுபடி வைத்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள்.

“இது புதுசா வெச்ச புல்லு.”

“இல்லையே. ஆனியில நீங்க போட்டதுதானே.”

அவள் நகத்தை ஓரத்தில் விட்டுத் தூக்கினாள். பத்தை தோசை மாதிரி எழும்பி வந்தது. பக்கத்தில் இருந்ததைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

“நாங்க வெச்சது வேரு புடிச்சிக்கினு கெடக்குது. இது பத்து நாளு, மிஞ்சினா பன்னெண்டு.” கையால் தடவிக்கொண்டே எண்ணினாள். “ஒம்போது பத்தை.”

இடுக்குகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நாங்க நாலு பேரும் ஒண்ணை வெச்சி தட்டிட்டுத்தான் அடுத்ததை வெப்போம். எல்லாத்தையும் வெச்சிட்டு கடைசில மொத்தமா தட்டறது நீங்க ஒருத்தருதான். அதான் நடுவுல மேடு ஏறி இருக்குது.”

அது உண்மைதான். பல முறை அதைச் சொல்லி என்னைக் கேலி செய்திருக்கிறார்கள்.

“கெட்டுப்போன பத்தைய நோண்டி எடுக்கணும். மண்ணைக் கொத்தணும், மணல் தூவணும். வெக்கணும், தட்டணும், தண்ணி வுடணும்.” விரலை மடக்கினாள். “எனக்கு இருபது நிமிசம். உங்களுக்கு அரை மணிம்மா.”

அம்மா என்றாள். அதன் பிறகு அக்கா என்று கூப்பிடவே இல்லை.

“டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? இன்னும் அரை மணி முன்னாடி கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னாரு. நான் தலையை ஆட்டிக்கினு நின்னேன். அரை மணிய யாரு வெச்சிருந்தாங்கன்னு அப்ப தெரியாது.”

அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். “லில்லி, நல்லா யோசி. மரத்துலருந்து விழுந்தான்னு தெரிஞ்சா கம்பெனி ஒரு பைசா தராது. அவனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கான். உன் பொண்ணு திரிஷா நர்சிங் சேரணும்னு சொன்னியே. அதை யோசி.”

“எத்தினி மணிக்கு விழுந்துச்சு? அதை மட்டும் சொல்லும்மா. வேற எதுவும் எனக்கு வேணாம்.”

“மூணே முக்கால்.”

அவள் தளர்ந்திருந்த ஒரு பத்தையைப் பெயர்த்து, மண் உதிராமல் முந்தானையில் வாங்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே ரோட்டுக்கு நடந்தாள். ஷேர் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்தேன். அந்தப் பத்தைதான் உங்கள் பைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் பையை வைத்த இடத்தில் செம்மண் சிந்தியிருக்கிறது.

சரி. அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

காலையில் மண்டபத்து மேலாளர் என்னோடு புல்வெளியைச் சுற்றி வந்தார். தென்னைக்குக் கீழே நின்று மேலே கையை நீட்டி, இந்தக் காய் எவர் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அதுவரை அந்தக் காய்கள் என் கண்ணில் படாதவை. அவர் கை நீட்டிக் காட்டிய பிறகு கண்ணில் பட்டவை. வெளியாட்களுக்கான பாலிசியின் நிபந்தனைப்படி நான் அவற்றை நீக்கியாக வேண்டும். வெளியிலிருந்து மரம் ஏறுகிறவரைக் கூப்பிடலாம். அவர் எந்தப் பாலிசியிலும் இல்லாதவர். ராமராஜன் ஒரு பாலிசியிலாவது இருந்தான்.

“பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினு இப்ப ஏறச் சொல்றீங்களேக்கா,” என்றான்.

“நாலே மரம்தானே.”

“ரைட்டு. யாராவது வந்தா, ஒம்போது அடியிலதான் நிக்கிறான்னு சொல்லிடுங்க.”

மூன்று மரத்தை முடித்துவிட்டான். நாலாவதில் காயெல்லாம் தள்ளிவிட்டுப் பாதி மரம் இறங்கியபோது காலில் போட்டிருந்த தளைக்கயிறு அறுந்தது. இருபதடி இருக்கும். புல்லின் மேல் விழுந்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அது என் பழக்கம். மூன்று மணி ஐந்து நிமிடம்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் ரத்தம். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. போனை எடுத்து ஒன்று, பூஜ்யம், எட்டு என்று அடித்தேன். அழைக்கிற பொத்தானை அழுத்தவில்லை. அதற்குப் பதில் போனிலேயே இருந்த பாலிசியைத் திறந்தேன். உயரத்தைப் பற்றிய விலக்கு பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. அதில் ஏதாவது வழி விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. எழுத்து சின்னது, வெயில் வேறு. படித்து முடிக்க ஆறு நிமிடம் ஆனது. வழி இல்லை.

காலில் சிக்கியிருந்த அறுந்த தளையை உருவியெடுத்தேன். பத்தை ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அதில் அவனை ஏற்றினேன். கனமான ஆள் இல்லை, ஆனாலும் சிரமம்தான். அசைக்கும்போது சத்தமிட்டான். தொட்டி வரைக்கும் முப்பது அடி தூரம். உள்ளே பூச்சு வேலைக்காகப் பலகை சாய்த்து வைத்திருந்தார்கள், அதன் வழியாக இறக்கினேன். பிறகு மேலே வந்து காய்களையும் மட்டைகளையும் பொறுக்கி, வண்டிக்காரர் விட்டுப்போயிருந்த வண்டியில் ஏற்றினேன். மரத்தடியில் புல் நசுங்கி, ரத்தம் ஊறி, ஒன்பது பத்தை கெட்டுப்போயிருந்தது. ஓரங்களுக்கு வைக்கவென்று கொண்டுவந்திருந்த பத்தை வண்டியில் இருந்தது. மாற்றினேன். ரத்தத்தின் மேல் ஒரு மட்டையை இழுத்துப்போட்டிருந்தாலே போதும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கெட்ட புல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா வர என்னால் முடியாது. அது தொழில் பழக்கம். தண்ணீரும் விட்டேன். கையைக் கழுவிக்கொண்டு 108-ஐ அழைத்தபோது மூன்று ஐம்பது.

இப்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள்.

“மேடம், பாலிசி செல்லலைன்னா கம்பெனி குடுக்காது, அவ்ளோதான். சட்டப்படி முதலாளி குடுத்துத்தான் ஆகணும். அந்தம்மாவுக்கு எப்படியும் பணம் வந்திருக்கும்.”

தெரியும் சார். அந்தச் சட்டத்தையும் படித்திருக்கிறேன். அவன் போட்ட கையெழுத்து அந்த இடத்தில் செல்லாது என்பதும் தெரியும். பாலிசி இல்லாவிட்டால் தென்னேரியில் ஓர் ஏக்கரையாவது விற்றிருப்பேன். பொய்யாக எழுதிக்கொடுத்தது தெரிந்து மண்டபத்து வேலையும் கைவிட்டுப் போயிருக்கும். அதையெல்லாம் நினைத்துத்தான் செய்தேனா என்றால், லில்லிக்குப் பணம் சீக்கிரம் வர வேண்டும் என்றும் நினைத்தேன். கம்பெனி கொடுத்தால் மூன்று மாதம். நிலம் விற்று வருவது லேசில் முடிகிற காரியமில்லை.

உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பானே என்கிறீர்கள். பிழைத்திருக்கலாம். பிழைத்திருந்தால் எங்கிருந்து விழுந்தாய் என்று கேட்பார்கள். ராமராஜனுக்கு ஒரு குறை உண்டு, பொய் வராது. சின்ன வயதில் எங்கள் மாந்தோப்பில் காய் பறித்துவிட்டு அப்பா கேட்பதற்கு முன்னாலேயே வந்து சொல்லிவிடுவான். இதை அந்தச் சமயத்தில் நான் யோசிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். யோசித்தேன். கடைசிப் பத்தையை வைக்கும்போது அவசரப்படவில்லை.

ஆனால் அவனுக்குத் தெரியாமல், அவனை ஏமாற்றி, இதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதக் கூடாது. தொட்டியில் இறக்கிய பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுக்க விளக்கிச் சொன்னேன், ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல். மரத்திலிருந்து விழுந்தால் கம்பெனி தராது, இங்கே வழுக்கி விழுந்தால் தரும், லில்லிக்கு நல்லது, உன் பெண் படிப்புக்கு நல்லது, அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், மேலே போய் வேலையை முடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். சரிதானே ராமராஜன் என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“லில்லிக்கு போன் போடுக்கா.”

“போட்டாச்சு. வந்துக்கிட்டிருக்கா,” என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம், அப்போது அவனுக்குப் பேச்சு இருந்தது. மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறேன். இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதுங்கள். அவனைக் கேட்காமல் நான் எதுவும் செய்யவில்லை.